கிள்ளானை ஆக்கியவர் யார்?

ஓர் ஊரின் பெயர் மாறுகிறதென்றால் அங்கே ஆட்சி மாறியிருக்கிறது என்று பொருள். சிலாங்கூர் மாநிலத்தின் கடல் வாயிலாக விளங்கும் துறைமுகம் 1901 செப்டம்பர் 15-ஆம் நாள் திறக்கப்பட்டபோது, அதற்குச் சர் பிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கில ஆட்சியாளரின் பெயர் சூட்டப்பெற்றது. நாடு விடுதலை பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1972-இல், அப்பெயர் நீங்கிப் போர்ட் கிள்ளான் என்ற பெயர் வந்தது. இடைப்பட்ட 71 ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் எத்தனையோ பேர் இந்தத் துறையில்தான் முதன்முதலாக மலாயா மண்ணை மிதித்தனர். அவர்களுக்கு இது சுவெட்டன்ஹாம் துறை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிள்ளான் துறை.

பெயர் மாறிற்று, கேள்வி மாறவில்லை. இந்தத் துறைமுகத்தையும், அதற்குப் பின்னால் ஆற்றோரம் வளர்ந்த கிள்ளான் நகரையும், அதற்கும் அப்பால் எழுந்த கோலாலம்பூரையும் ஆக்கியவர் யார்? பழைய பாடநூல்களில் ஒரு விடை இருந்தது. சதுப்பு நிலமும் கொள்ளையர் கூட்டமுமாகக் கிடந்த நாட்டில் ஆங்கிலேயர் வந்து அமைதியை நாட்டினர், இருப்புப் பாதை போட்டனர், துறைமுகம் கட்டினர் என்பது அந்த விடை. விடுதலைக்குப் பின் அதற்கு எதிரான விடை எழுந்தது. செழித்திருந்த நாட்டில் ஆங்கிலேயர் சூழ்ச்சியால் நுழைந்து செல்வத்தைக் கொண்டுபோயினர் என்பது அது. முதல் விடையில் உள்நாட்டார் வெறும் பார்வையாளர். இரண்டாவதில் வெறும் ஏமாளிகள். இரண்டிலுமே அவர்களுக்கு அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை. கிள்ளானின் உண்மை வரலாறு அப்படிப்பட்டதன்று. அதைப் படிப்படியாகப் பார்ப்போமானால் இரண்டு விடைகளும் ஏன் போதாவென்பது விளங்கும்.

பேரரசுகளின் பட்டியலில் கிள்ளான்

கிள்ளான் நேற்றுத் தோன்றிய ஊரன்று. இவ்வட்டாரத்தில் கிடைத்த பழைய வெண்கல மணியொன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1964-இல் சிலாங்கூர்க் கடற்கரைப் பகுதியிலுள்ள கம்போங் சுங்கை லாங்கில் வெண்கல முரசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இவை வட வியட்நாமின் தொங்சோன் நாகரிகத்தோடு உறவுடையவை. பேரரசு எதுவும் இக்கரைக்கு வருமுன்னரே கடல் வாணிகம் வந்துவிட்டது என்பதற்கு இவை சான்று.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் இராசேந்திர சோழனை நினைப்பது இயல்பு. 1025-ஆம் ஆண்டையொட்டி நடந்த அவனுடைய கடற்படையெடுப்பில் ஸ்ரீவிசயமும் கடாரமும் பிற துறைகளும் தாக்குண்டன. அவனுடைய மெய்க்கீர்த்தியில் உள்ள ஊர்ப் பட்டியலில் கிள்ளான் என்று கொள்ளத்தக்க பெயர் இல்லை. ஆயினும் ஒன்றை மனத்தில் இருத்துவது நன்று. தஞ்சையிலிருந்து பார்த்தால் அது வெற்றி. கடாரத்துக் கரையில் நின்று பார்த்தால் அது புறத்திலிருந்து வந்த படை. ஒரு பேரரசின் படையெடுப்பைப் போற்றி மற்றொரு பேரரசின் படையெடுப்பைத் தூற்றுவது வரலாறாகாது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1365-இல் சாவகத்தில் இயற்றப்பட்ட நாகரகிருதாகமம் என்னும் நூல், மசபாகித்துப் பேரரசுக்கு அடங்கியவை என்று கூறும் ஊர்களிடையே கிள்ளானையும் எண்ணுகிறது. பட்டியலில் இடம்பெறுவது வேறு, ஆளப்படுவது வேறு. அக்காலப் பேரரசுகள் தொலைவிலுள்ள துறைகளிடம் எதிர்பார்த்தது பெரும்பாலும் திறையும் வணக்கமுமே. அன்றாட ஆட்சி ஆற்றோரத் தலைவன் கையில்தான் இருந்தது.

மக்கள் கேட்டுப் பெற்ற தலைவர்

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா அரசு எழுந்தபோது கிள்ளான் அதற்கு உட்பட்ட ஊராயிற்று. மலாய் வரலாற்று நூலாகிய செஜாரா மெலாயு சொல்லும் ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. கிள்ளான் மக்களுக்குத் தங்கள் தலைவனைப் பிடிக்கவில்லை. அவர்கள் மலாக்காவுக்குச் சென்று சுல்தானிடம் வேறு தலைவர் வேண்டும் என்றனர். யார் வேண்டும் என்று சுல்தான் கேட்க, துன் பேராக் வேண்டும் என்று அவர்களே பெயர் சொல்லிக் கேட்டுப் பெற்றனர்.

பின்னர்ச் சயாம் படை மலாக்காவைத் தாக்க வந்தபோது துன் பேராக் கிள்ளான் வீரர்களை மட்டுமன்றி அவர்களுடைய மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் குறை கூறினர். தொலைவிலிருக்கும் அரசனுக்காகப் போரிடுவதைவிடத் தன் குடும்பத்தைக் காக்க ஒருவன் முனைந்து போரிடுவான் என்பது அவர் கருத்து. அந்தத் துன் பேராக்கே பின்னர் மலாக்காவின் புகழ்பெற்ற பெண்டகாரா ஆனார். செய்தியின் ஒவ்வொரு விவரமும் நடந்ததா என்பது ஆராய்ச்சிக்குரியது. ஆனால் அரசவை நூலொன்று இதனை நினைவில் வைத்திருப்பதே போதும். தலைவனின் தகுதி மேலிருந்து மட்டும் வருவதன்று, கீழிருந்தும் வருவது என்ற எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது.

ஒல்லாந்தர் கண்ட சிலாங்கூர்

1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கைக்கும், 1641-இல் ஒல்லாந்தர் கைக்கும் சென்றது. இதற்கிடையே சுலாவேசித் தீவிலிருந்து வந்த புகீசு மக்கள் சிலாங்கூர்க் கரையில் குடியேறினர். அவர்களுடைய தலைமரபில் வந்த ராஜா லூமு, 1766-இல் பேராக் சுல்தானின் ஏற்பைப் பெற்று, சுல்தான் சலாவுதீன் என்ற பெயருடன் அரியணை ஏறினார். இன்றும் சிலாங்கூரில் ஆட்சி புரிவது அம்மரபே. அஃதாவது இன்று உள்ளூர் அரசமரபு என்று சொல்லப்படுவதும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்ததே. மணவுறவாலும் சமயத்தாலும் மொழியாலும், யாவற்றுக்கும் மேலாக இம்மண்ணிலேயே வாழ்ந்து மடிந்ததாலும் அது உள்ளூர் மரபாயிற்று.

இரண்டாவது சுல்தான் இப்ராகிம் காலத்தில் ஒரு பெரும் சோதனை வந்தது. 1784-இல் ரியாவின் புகீசுத் தலைவர் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். சிலாங்கூர் அவருக்குத் துணை நின்றது. ராஜா ஹாஜி போரில் மாண்டதும் ஒல்லாந்தர் கப்பற்படை கோலசிலாங்கூரைப் பிடித்தது. மெலாவத்திக் குன்றின் கோட்டைக்குத் தங்கள் தலைமை ஆளுநரின் பெயரையும் சூட்டியது. சுல்தான் உள்நாட்டுக் காட்டு வழியே பகாங்குக்குச் சென்றார். அங்கே துணைப்படை திரட்டினார். 1785 சூன் மாதத்தில் இரவோடு இரவாகத் தாக்கிக் கோட்டையை மீட்டார். ஒல்லாந்தர் கப்பலேறி ஓடினர்.

கதை இங்கே முடியவில்லை. ஒல்லாந்தர் கப்பல்கள் ஆற்று வாயை ஓராண்டுக்கு மேல் அடைத்து நின்றன. வாணிகம் நின்றுவிடவே, 1786-இல் சுல்தான் ஓர் உடன்பாட்டுக்கு இணங்க வேண்டியதாயிற்று. ஆயினும் அரியணை அவருடையதாகவே இருந்தது. பேரரசுக்குக் கோட்டையைப் பிடிக்க வலிமை இருந்தது. வைத்துக்கொள்ள வலிமை இல்லை. காரணம் என்ன? நாட்டுக்குள்ளே அதற்குக் கால் ஊன்ற இடமில்லை. அதற்குத் துணை வந்த சியாக்கு இளவரசரும் சிலாங்கூருக்கு அயலாரே. இந்தச் செய்தியைக் கருத்தில் வைத்துக்கொண்டு, தொண்ணூறு ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பார்க்க வேண்டும்.

ஆற்று வாயில் அமர்ந்த அதிகாரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிலாங்கூரில் சாலைகள் இல்லை. ஆறே சாலை. பெர்ணம், சிலாங்கூர், கிள்ளான், லங்காட், லுக்குட் ஆகிய ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர் இருந்தார். உள்நாட்டில் தோண்டப்படும் ஈயம் படகில் ஆற்று வழியே இறங்கியாக வேண்டும். அரிசியும் அபினும் அதே வழியே ஏறியாக வேண்டும். எனவே ஆற்றின் வாயில் அமர்ந்தவன் தீர்வை வாங்கினான். தீர்வை வாங்கியவன் ஆட்களை வைத்துக்கொண்டான்; ஆட்களை வைத்திருந்தவன் ஆண்டான். சுல்தான் இவர்கள் எல்லார்க்கும் மேலானவர். ஆனால் எல்லாரையும் அடக்கும் படை அவரிடம் இல்லை. மலாய் அரசுகளின் இந்த உள்ளமைப்பை ஜே. எம். கல்லிக் என்ற அறிஞர் 1958-இல் வெளிவந்த தம் நூலில் நன்கு விளக்கிக் காட்டினார்.

சுல்தான் முகமது காலத்தில், கிள்ளானை ஆண்ட அவருடைய மகன் ராஜா சுலைமான் மறைந்ததும், அவ்வூர் சுலைமானின் மகன் ராஜா மகாதிக்குச் செல்லவில்லை. ரியா மரபைச் சேர்ந்த ராஜா அப்துல்லாவுக்குக் கொடுக்கப்பட்டது. லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாத் இவருடைய உடன்பிறந்தார். ஜுமாத்தோ சுல்தானின் மருமகன். ஈய வருவாயில் தேர்ந்தவர். பிற்காலப் போரின் வித்து இங்கேதான் விழுந்தது. பேரன் இருக்க ஊர் பிறர்க்குச் சென்றது.

1857-இல் ராஜா அப்துல்லாவும் ராஜா ஜுமாத்தும் மலாக்காச் சீன வணிகரிடம் 30,000 வெள்ளி பெற்று, 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதிக்கு அனுப்பினர். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றோடு கூடும் இடத்தில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் சென்று அவர்கள் ஈயம் தேடினர். ஒரு மாதத்துக்குள் எஞ்சியவர் 18 பேரே. மற்றவர்களைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. பின்னரும் 150 பேர் அனுப்பப்பட்டனர். 1859-இல் முதல் ஈயம் ஏற்றுமதியாயிற்று. அந்த ஆறுகள் கூடும் இடத்தில் பிறந்த ஊரே கோலாலம்பூர்.

இங்கே ஒன்று தெளிவாகிறது. ஆங்கில ரெசிடெண்டு வருவதற்குப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கோலாலம்பூருக்கு வித்திட்டாகிவிட்டது. திட்டம் மலாய் இளவரசர்களுடையது. முதல் மலாக்கா வணிகருடையது. உழைப்பும் உயிர்ப்பலியும் சீனத் தொழிலாளருடையவை. கிள்ளானில் இன்றும் நிற்கும் ராஜா அப்துல்லாவின் கிடங்கு அந்தக் காலத்தின் சாட்சி. ஈயமும் உணவும் ஆயுதமும் அதிலே ஒருங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதே அக்கால ஆட்சியின் தன்மையைச் சொல்லும்.

கிள்ளான் போர்

ஈயம் பெருகவே பொறாமையும் பெருகிற்று. ராஜா அப்துல்லா கிள்ளானில் தீர்வை வாங்கும் உரிமையை, சிங்கப்பூர் வணிகர்களான டபிள்யூ. எச். ரீட் என்ற ஆங்கிலேயருக்கும் தான் கிம் செங் என்ற சீனருக்கும் குத்தகைக்கு விட்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தாம் குத்தகைக்காரருக்குத் தீர்வை கட்டுவதா என்று ராஜா மகாதி மறுத்தார். அப்துல்லாவின் ஆட்கள் மீது மனக்குறை கொண்டிருந்த சுமத்திரா வணிகர் மகாதியோடு சேர்ந்தனர். 1867-இல் மகாதி கிள்ளானைப் பிடித்தார். அப்துல்லா மலாக்காவுக்கு ஓடி அங்கேயே மறைந்தார்.

வென்ற மகாதி, அப்போதைய சுல்தான் அப்துல் சமாதுக்கு மாதந்தோறும் கொடுக்கப்பட்டு வந்த 500 வெள்ளியைக் கொடுக்க மறுத்தார். சுல்தானின் மகள் ராஜா அர்பாவுக்கும் அவருக்கும் பேசியிருந்த திருமணம் நின்றது. 1868-இல் ராஜா அர்பா கெடா சுல்தானின் உடன்பிறந்தாரான துங்கு கூடினை மணந்தார். அவ்வாண்டு சூன் மாதத்தில் சுல்தான் தம் மருமகனைத் தமக்குப் பதிலாளராக்கி எழுத்து வழங்கினார். அந்த எழுத்து எவ்வளவு அதிகாரம் தந்தது என்பதே பின்னர்ப் பெரிய வழக்காயிற்று. நாடு முழுவதும் தம் பொறுப்பு என்று கூடின் கொண்டார். அயலார் ஒருவர் நம்மை ஆள்வதா என்று சுல்தானின் மைந்தர்களும் பிற இளவரசர்களும் வெகுண்டனர்.

கூடின் கெடாவிலிருந்து 500 வீரர்களை வரவழைத்தார். அப்துல்லாவின் மகன் ராஜா இஸ்மாயிலோடு சேர்ந்து 1870-இல் கிள்ளானைப் பிடித்தார். மகாதி கோலசிலாங்கூருக்குச் சென்றார். ராஜா மாமுத், சையது மசூர் ஆகிய வீரர்கள் அவருக்குத் துணை. கோலாலம்பூரின் சீனத் தலைவர் யாப் ஆ லோய் கூடினைச் சார்ந்தார். அவருடைய பகைவர் மகாதியைச் சார்ந்தனர். 1872-இல் மகாதி பக்கத்தார் கோலாலம்பூரைப் பிடித்தனர். கூடின் கூலிக்கு அமர்த்திய ஐரோப்பியத் தளபதிகளும் மாண்டனர். 1873-இல் பகாங் படையின் துணையோடு யாப் ஆ லோய் கோலாலம்பூரை மீட்டார். அவ்வாண்டு இறுதிக்குள் கோலசிலாங்கூரும் வீழ்ந்தது.

இந்தப் போரில் யார் உள்ளூரார், யார் அயலார்? கூடின் கெடாவினர், அப்துல்லா ரியா மரபினர், யாப் ஆ லோய் சீனத்தின் குவாங்துங் மாநிலத்தில் பிறந்தவர், வென்று கொடுத்த படை பகாங்கினது. ஆனாலும் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தனர். யாரும் பிறர் ஆட்டுவித்த பாவை அல்லர்.

கடனும் கப்பலும்

ஆங்கிலேயர் இதில் எப்படி நுழைந்தனர்? கொள்கையளவில் 1873 வரை அவர்கள் மலாய் நாடுகளின் உள் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று சொல்லி வந்தனர். நடைமுறை வேறாக இருந்தது. 1871 சூலையில் கடற்கொள்ளையரைத் தேடி வந்ததாகச் சொல்லி ரினால்டோ என்ற போர்க்கப்பல் கோலசிலாங்கூர்க் கோட்டையைச் சுட்டுத் தகர்த்தது. அதனால் இழப்படைந்தவர்கள் மகாதி பக்கத்தார், நன்மையடைந்தவர் கூடின். பின்னர், குடியேற்றச் செயலாளர் பர்ச் லங்காட்டுக்குச் சென்று, கூடினின் அதிகாரத்தை உறுதிசெய்யும் எழுத்தைச் சுல்தானிடம் பெற்றார். பகாங் படை கூடினுக்குத் துணை வந்ததற்கும் ஆளுநர் சர் ஹாரி ஆர்ட் ஊக்கம் தந்தார்.

கப்பலைவிட வலிய கருவி ஒன்று இருந்தது, அது கடன். போர் நடத்தக் கூடினுக்குப் பணம் வேண்டியிருந்தது. மலாக்கா, சிங்கப்பூர் வணிகர்கள் கொடுத்தனர். சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜே. ஜி. டேவிட்சன் அவருக்குப் பெருந்துணையாக நின்றார். பணம் போட்டவர்கள் அது திரும்பி வருமோ என்று அஞ்சினர். 1873-இல் சீன வணிகர்கள் ஆங்கில அரசு தலையிட வேண்டுமென்று முறையிட்டனர். சிலாங்கூர் ஈயத்தில் நாட்டங்கொண்டவர்களின் குரல் இலண்டனிலும் ஒலித்தது. வேறு ஐரோப்பிய வல்லரசு புகுந்துவிடும் என்ற அச்சமும் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அமைச்சர் கிம்பர்லி புதிய ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்குக்குப் புதிய கட்டளைகளைக் கொடுத்தார். 1874 சனவரி 20-இல் பேராக்குக்காகப் பங்கோர் உடன்படிக்கை எழுந்தது. பிப்ரவரியில் கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கு வந்தார். ஆகஸ்டில் இளைஞர் சுவெட்டன்ஹாம் சுல்தானின் அருகில் அமர்த்தப்பட்டார். 1875-இல் ரெசிடெண்டாக வந்தவர் யார்? கூடினுக்குத் துணை நின்ற அதே டேவிட்சன்.

தமிழக வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஆர்க்காட்டு நவாபு முகமதலி கும்பினியாரின் படையைக் கொண்டு பகைவரை அடக்கினார், அதற்காகக் கடன்பட்டார், கடன் வளர்ந்தது, 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியார் ஆட்சிக்குச் சென்றது. அதே நாட்டில் கட்டபொம்மன் எதிர்த்து 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலேறினார். அவரைப் பிடித்துக் கொடுத்த புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபோ 1948 வரை அரியணையில் இருந்தது. எதிர்த்தவர், இணங்கியவர், கடன்பட்டவர் என்ற மூவகையினர் அங்கும் இருந்தனர், இங்கும் இருந்தனர். எதிர்த்த மகாதி 1882-இல் சிங்கப்பூரில் மறைந்தார். கடன்பட்ட கூடின் வென்றும் ஆளவில்லை. சில ஆண்டுகளில் சிலாங்கூரை விட்டே நீங்கினார். இணங்கிய சுல்தான் அப்துல் சமாது 1898 வரை அரியணையில் இருந்தார். அவர் மரபு இன்றும் இருக்கிறது.

இப்போது 1784-ஐயும் 1874-ஐயும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒல்லாந்தரிடமும் கப்பல் இருந்தது. ஆங்கிலேயரிடமும் கப்பல் இருந்தது. முன்னவருக்குச் சிலாங்கூருக்குள் ஆள் இல்லை. பின்னவருக்கோ ஓர் இளவரசரும், ஈயச் சுரங்கத் தலைவரும், கடன் கொடுத்த வணிகரும் உள்ளே இருந்தனர். நீராவிக் கப்பலும் தந்தியும் ஆங்கிலேயர் வலிமையைப் பெருக்கின என்பதும் உண்மையே. ஆனால் கதவு உள்ளிருந்து திறக்கப்பட்டது என்பதை மறைக்க முடியாது. பேராசிரியர் கூ கே கிம் 1972-இல் வெளியிட்ட மேற்கு மலாய் நாடுகளைப் பற்றிய ஆராய்ச்சி நூல், வாணிக வளர்ச்சி உள்நாட்டு அரசியலை எவ்வாறு மாற்றிற்று என்பதை விரிவாகக் காட்டுகிறது. அவருக்கு முன்னரே, 1961-இல், ஜான் ஸ்மெயில் என்ற அறிஞர் தென்கிழக்காசிய வரலாற்றை ஐரோப்பியர் கப்பலின் மேல்தளத்திலிருந்தே பார்க்கும் பழக்கத்தை விட்டு, உள்நாட்டு மக்களின் தன்னியல்பான வரலாறாகப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ரெசிடெண்டு ஆட்சியும் துறைமுகமும்

கதவைத் திறந்தவன் வேறு. வீட்டைத் தனதாக்கிக்கொண்டவன் வேறு. உள்நாட்டார் அழைத்தார்கள் என்பதனால் ஆங்கிலேயர் செய்தவை எல்லாம் சரி என்றாகிவிடாது. மலாய் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் ரெசிடெண்டின் அறிவுரையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர். கேட்டே தீர வேண்டிய அறிவுரைக்குக் கட்டளை என்றுதான் பெயர். தீர்வை வாங்கும் உரிமை தலைவர்களிடமிருந்து நீங்கியது. அவர்களுக்கு மாதப்படி கிடைத்தது. ஆற்று வாயில் அமர்ந்த அதிகாரம் அலுவலக நாற்காலிக்குச் சென்றது. 1880-இல் மாநிலத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1896-இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் கூட்டு மாநிலங்களாயின. கூட்டு என்பது பெயரளவில்தான். அதிகாரம் தலைமை ரெசிடெண்டிடம் குவிந்தது. முதல் தலைமை ரெசிடெண்டு சுவெட்டன்ஹாமே. 1903-இல் கோலாலம்பூரில் கூடிய சுல்தான்கள் மாநாட்டில் பேராக் சுல்தான் இத்ரிஸ் இதனைக் குறித்து வெளிப்படையாகவே குறை கூறினார்.

1886 செப்டம்பரில் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றைக் கடந்து அது கிள்ளானுக்கு வந்தது. கிள்ளான் ஆறு வளைந்து வளைந்து செல்வது, ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் ஊர்வரை ஏறி வர இயலாது. ஆற்றின் முகத்திலோ தீவுகள் அரணாக நின்று அலையைத் தடுக்கின்றன. ஆகவே பாதை கடல்வரை நீட்டப்பட்டு 1901-இல் புதிய துறைமுகம் எழுந்தது. இத்திட்டத்தில் ஆங்கிலேயரின் பொறியியல் அறிவும் அமைப்புத் திறனும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அதற்கான பணமோ பெரும்பாலும் ஈயத் தீர்வையிலிருந்து வந்த மாநில வருவாய். பாதைக்கு மண் வெட்டியவர்களும், சதுப்பில் கட்டை இறக்கியவர்களும் யார் என்பதைத் திறப்பு விழாக் கல்வெட்டுகள் சொல்வதில்லை.

துறைமுகம் திறந்த உடனே மலேரியாக் காய்ச்சல் அதனைச் சூழ்ந்துகொண்டது. தொழிலாளர் கூட்டங் கூட்டமாகப் படுத்தனர். துறைமுகத்தையே மூடவேண்டி வருமோ என்ற நிலை வந்தது. கிள்ளான் மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, காட்டைத் திருத்திக் கொசுவை ஒழிக்கும் முறையைக் கையாண்டார். சில ஆண்டுகளில் காய்ச்சல் பெரிதும் தணிந்தது. கொசுவே காய்ச்சலைப் பரப்புகிறது என்று 1897-இல் இந்தியாவில் சர் ரொனால்டு ராஸ் கண்டறிந்த உண்மையை நடைமுறையில் வெற்றியாக்கிக் காட்டிய முதல் இடங்களுள் கிள்ளானும் ஒன்று. வாட்சனின் பெயர் நூல்களில் நிலைத்தது, நிலைக்க வேண்டியதே. அவர் சொல்லிய வாய்க்காலை இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

அதே துறையில் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து இறங்கினர். கங்காணியின் கீழ் வந்தவர், தனித்து வந்தவர் என்று பலர். அவர்கள் அரசருமல்லர், பேரரசருமல்லர். ஆனால் 1941-இல் அவர்களும் தங்கள் குரலை எழுப்பினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வு மட்டுமன்று அவர்கள் கேட்டது. கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். மே மாதத்தில் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; படை வந்தது; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். துன் பேராக்கைக் கேட்டுப் பெற்ற மக்களும், சைக்கிளில் அமர்ந்தபடியே செல்லும் உரிமையைக் கேட்டவர்களும் ஐந்து நூற்றாண்டு இடைவெளியில் ஒரே ஆற்றங்கரையில் வாழ்ந்தவர்கள்.

வகுப்பறையில் சொல்ல வேண்டியது

ஆகவே கிள்ளானை ஆக்கியவர் யார் என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரை விடையாகச் சொல்ல இயலாது. ஆறு இடத்தைத் தந்தது. மலாய் இளவரசர்கள் ஈயத்தைத் தேடச் செய்தனர். அவர்களே தம்முள் பகைத்தனர். சீனர் சுரங்கம் தோண்டினர். வணிகர் கடன் கொடுத்தனர். பேரரசு அந்தப் பகையையும் கடனையும் பயன்படுத்தி உள்ளே வந்தது; வந்தபின் தன் தேவைக்கேற்பப் பாதையும் துறையும் அமைத்தது. பல இனத் தொழிலாளர் அவற்றைக் கட்டினர். பேரரசு இன்றி இத்துறைமுகம் 1901-இல் இவ்வடிவில் எழுந்திராது என்பது உண்மை. உள்நாட்டார் முயற்சி இன்றிப் பேரரசுக்கு இங்கே வேலையே இருந்திராது என்பதும் அதே அளவு உண்மை.

உள்ளூரார், அயலார் என்ற பிரிவும் பிறப்பால் மட்டும் அமைவதன்று. புகீசு மரபு வந்தது, தங்கியது, உள்ளூர் மரபாயிற்று. யாப் ஆ லோய் வந்தார், கோலாலம்பூரிலேயே மறைந்தார். தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்கள் பேரர்கள் இந்நாட்டுக் குடிகள். சுவெட்டன்ஹாம் 1904-இல் பதவி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். வந்த வழியைக் கேட்பதோடு நின்றுவிடாமல், வந்தவர் எங்கே தங்கினர், ஈட்டியதை எங்கே விட்டனர் என்பதையும் கேட்டால்தான் வரலாறு விளங்கும்.

கிள்ளான் வட்டார ஆசிரியர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ராஜா அப்துல்லாவின் கிடங்கு நிற்கிறது. குன்றின் மேல் ராஜா மகாதியின் கோட்டை வாயில் நிற்கிறது. இருப்புப் பாதை நிலையம் இருக்கிறது. அப்பால் ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்களைக் கையாளும் துறைமுகம் இருக்கிறது. ஒரே நாளில் மாணவரை இந்நான்கு இடங்களுக்கும் அழைத்துச் சென்று, ஒவ்வோரிடத்திலும் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதைக் கட்டச் சொன்னவர் யார்? பணம் யாருடையது? கட்டியவர் யார்? மூன்றுக்கும் ஒரே விடை வருவது அரிது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.

1972-இல் மாறிய பெயரிலும் இப்பாடம் அடங்கியிருக்கிறது. சுவெட்டன்ஹாம் போய்க் கிள்ளான் வந்தது. முன்னே நிற்கும் போர்ட் என்ற ஆங்கிலச் சொல் தமிழர் பேச்சில் அப்படியே தங்கிவிட்டது. பாதிப் பெயர் ஆற்றினுடையது, பாதிப் பெயர் கப்பலோடு வந்தது. ஊரின் வரலாறும் அப்படியே.